ஆளில்லா ஆணையங்கள்

மாநில அளவில் ஊழல் புகார்களை விசாரிக்கும் லோக் ஆயுக்தாவுக்காக இந்தியாவிலேயே முதலில் சட்டம் இயற்றிய மாநிலம் ஒடிசா. சட்டம் நிறைவேறிய ஆண்டு 1970, நடைமுறைக்கு வந்த ஆண்டு 1983. இடையில் கழிந்த பதின்மூன்று ஆண்டுகளும் அந்தச் சட்டம் ஏட்டில் இருந்தது, புகார் வாங்க ஆள் இல்லை. அரசைக் கண்காணிக்கும் அமைப்புகளின் வரலாற்றை நாம் வழக்கமாகச் சட்டங்களின் வரலாறாகவே எழுதுகிறோம். எந்த ஆண்டில் மசோதா வந்தது, யார் ஆதரித்தார்கள், யார் எதிர்த்தார்கள், எந்தப் போராட்டம் அதைச் சாதித்தது என்பதோடு கதை முடிந்துவிடுகிறது. உண்மையில் அந்த இடத்தில்தான் கதை தொடங்குகிறது. சட்டம் வந்தபின் ஆளை நியமித்தார்களா, எத்தனை நாள் கழித்து நியமித்தார்கள், சம்பளத்தை யார் தீர்மானித்தார்கள், உட்கார இடம் கொடுத்தார்களா என்பதை வரிசைப்படுத்திப் பார்த்தால் வேறொரு வரலாறு தெரிகிறது. இந்தத் தாமதங்களுக்கு அரசு எந்திரத்தின் மந்தத்தனத்தையும் கோப்புகளின் ஆமை வேகத்தையும் காரணம் சொல்வது வழக்கம். நான் அதை ஏற்கவில்லை. எந்த அமைப்பு இல்லாவிட்டால் நியமிக்கும் அரசுக்கே வேலை நின்றுபோகுமோ, அந்த அமைப்பின் நாற்காலி காலியாகக் கிடப்பதில்லை. எது இல்லாவிட்டால் குடிமகனுக்கு மட்டும் நட்டமோ, அது மாதக்கணக்கிலும் ஆண்டுக்கணக்கிலும் காலியாகக் கிடக்கிறது. கட்சி மாறினாலும் மாநிலம் மாறினாலும் இது மாறவில்லை.

லோக்பால் என்ற பெயரை 1963-இல் நாடாளுமன்ற விவாதத்தில் உருவாக்கித் தந்தவர் எல்.எம். சிங்வி. அரசுக்கு எதிரான குடிமக்களின் புகார்களை விசாரிக்க 1809-இல் ஸ்வீடனில் தொடங்கிய ஆம்பட்ஸ்மன் முறையை இந்தியாவுக்குக் கொண்டுவரவேண்டும் என்பது அன்றைய பேச்சு. மொரார்ஜி தேசாய் தலைமையில் அமைந்த முதலாவது நிர்வாகச் சீர்திருத்த ஆணையம் 1966-இல் தந்த இடைக்கால அறிக்கையில் மத்தியில் லோக்பாலையும் மாநிலங்களில் லோக் ஆயுக்தாவையும் பரிந்துரைத்தது. 1968-இல் மசோதா வந்தது. மறு ஆண்டு மக்களவை அதை நிறைவேற்றியது. மாநிலங்களவை முடிவெடுப்பதற்குள் மக்களவை கலைக்கப்பட்டதால் அது காலாவதியானது. பிறகு 1971, 1977, 1985, 1989, 1996, 1998, 2001 என்று மசோதாக்கள் வந்துகொண்டே இருந்தன. ஏறக்குறைய எல்லாப் பெரிய கட்சிகளும் ஏதோ ஒரு கட்டத்தில் இதை முன்மொழிந்திருக்கின்றன, எதுவும் முடித்துவைக்கவில்லை. 2011-இன் ஊழல் எதிர்ப்பு இயக்கத்துக்குப் பிறகு, 2013 டிசம்பரில் இரு அவைகளும் சட்டத்தை நிறைவேற்றின. 2014 ஜனவரி 16 அன்று அது நடைமுறைக்கு வந்தது. அரை நூற்றாண்டுக் காத்திருப்பு முடிந்ததாக அன்று எழுதாத பத்திரிகை இல்லை.

அதன்பின் லோக்பாலின் முதல் தலைவர் பதவியேற்க ஐந்து ஆண்டுகளும் இரண்டு மாதங்களும் ஆயின. அந்த ஐந்து ஆண்டுகளை விரித்துப் பார்ப்பது அவசியம், ஏனென்றால் தாமதம் எப்படிச் செய்யப்படுகிறது என்பதற்கு இவ்வளவு தெளிவான ஆவணம் வேறெங்கும் இல்லை. தொடக்கத் தடங்கல் காங்கிரஸ் கூட்டணி ஆட்சியின் கடைசி மாதங்களிலேயே வந்துவிட்டது. பெயர்களைத் தேடித் தரவேண்டிய தேடல் குழு, அரசுத் துறை தரும் பட்டியலுக்குள்தான் தேடவேண்டும் என்று விதி எழுதியிருந்தார்கள். நீதிபதி கே.டி. தாமஸும் வழக்கறிஞர் ஃபாலி நாரிமனும் அந்தக் குழுவில் இடம்பெற மறுத்துவிட்டார்கள். தேர்தலுக்குப் பின் வந்த பாஜக ஆட்சி விதியைத் திருத்தியது. ஆனால் புதிய முடிச்சு ஒன்று விழுந்தது. தேர்வுக் குழுவில் பிரதமர், மக்களவைத் தலைவர், எதிர்க்கட்சித் தலைவர், தலைமை நீதிபதி, சட்ட அறிஞர் ஒருவர் என ஐந்து பேர் இருக்கவேண்டும். 2014 தேர்தலில் 44 இடங்களே பெற்ற காங்கிரஸுக்கு எதிர்க்கட்சித் தலைவர் அந்தஸ்து தரப்படவில்லை. எதிர்க்கட்சித் தலைவர் இல்லை, ஆகவே தேர்வுக் குழு இல்லை, ஆகவே லோக்பால் இல்லை என்று வாதம் ஓடியது. மக்களவையில் உள்ள பெரிய எதிர்க்கட்சியின் தலைவரைக் குழுவில் சேர்ப்பதற்கான திருத்த மசோதா 2014 டிசம்பரில் அறிமுகமாகி, நிலைக்குழுவுக்குப் போய், அப்படியே நின்றது.

இதை உண்மையான சட்டச் சிக்கல் என்று ஒருவர் சொல்லலாம். சிக்கல் உண்மைதான். அது அவிழ்க்க முடியாததா என்பதுதான் கேள்வி. சிபிஐ இயக்குநரைத் தேர்ந்தெடுக்கும் குழுவிலும் எதிர்க்கட்சித் தலைவர் இருக்கவேண்டும். அங்கும் அதே ஆண்டில் அதே முடிச்சு விழுந்தது. ஆனால் சிபிஐ இயக்குநர் இல்லாமல் அரசு ஓடாது. 2014 நவம்பரிலேயே சட்டம் திருத்தப்பட்டது, பெரிய எதிர்க்கட்சியின் தலைவர் அந்தக் குழுவில் அமர்ந்தார், நியமனம் நடந்தது. லோக்பால் சட்டத்தைத் திருத்துவதே கடினம் என்றும் சொல்ல முடியாது. அரசு ஊழியர்களும் தொண்டு நிறுவன நிர்வாகிகளும் குடும்பச் சொத்து விவரம் தரவேண்டும் என்ற 44-ஆம் பிரிவின் கெடு நெருங்கியபோது, 2016 ஜூலை இறுதியில் அடுத்தடுத்த நாட்களில் இரு அவைகளும் இதே சட்டத்தைத் திருத்தி அந்தக் கடமையைத் தள்ளிவைத்தன. சொத்து விவரத்துக்கான திருத்தம் சில நாட்களில் முடிந்தது. நியமனத்துக்கான திருத்தம் நிலைக்குழுவோடு நின்றது. இதற்குமேலும் சட்டத்தின் 4-ஆம் பிரிவு, தேர்வுக் குழுவில் ஓர் இடம் காலியாக இருப்பதாலேயே நியமனம் செல்லாததாகிவிடாது என்று வெளிப்படையாகச் சொல்கிறது. காமன் காஸ் அமைப்பு தொடுத்த வழக்கில் 2017 ஏப்ரல் 27 அன்று உச்ச நீதிமன்றம் இதைத்தான் சுட்டிக்காட்டியது, சட்டம் உள்ளபடியே செயல்படத்தக்கது, நியமனத்தை நிறுத்திவைக்கக் காரணமில்லை என்று தீர்ப்பளித்தது. தீர்ப்புக்குப் பிறகும் பதினேழு மாதங்கள் கழித்து, 2018 செப்டம்பரில்தான் நீதிபதி ரஞ்சனா பிரகாஷ் தேசாய் தலைமையில் தேடல் குழு அமைந்தது. அந்தக் குழு 2019 பிப்ரவரி முடிவதற்குள் பெயர்களைத் தரவேண்டும் என்று நீதிமன்றமே நாள் குறிக்கவேண்டியிருந்தது. மக்களவைத் தேர்தலுக்குச் சில வாரங்களே இருக்கையில், 2019 மார்ச் 23 அன்று நீதிபதி பினாகி சந்திர கோஷ் பதவியேற்றார்.

ஆள் வந்ததும் அமைப்பு வந்துவிடவில்லை. லோக்பால் தன் முதல் மாதங்களை டெல்லி அசோகா ஓட்டலில், மாதம் சுமார் 50 லட்சம் ரூபாய் வாடகையில் கழித்தது. புகார் எந்தப் படிவத்தில் தரப்படவேண்டும் என்ற விதியை அரசு அறிவித்தது 2020 மார்ச்சில், தலைவர் பதவியேற்று ஏறக்குறைய ஓர் ஆண்டு கழித்து. உறுப்பினர் நீதிபதி திலீப் போசலே அதற்கு முன்பே, 2020 ஜனவரியில் விலகிவிட்டார். அதே ஆண்டு மே மாதம் நீதிபதி ஏ.கே. திரிபாதி கொரோனாவால் இறந்தார். அந்த இரண்டு இடங்களும் நெடுங்காலம் நிரப்பப்படவில்லை. 2022 மே மாதம் தலைவரின் பதவிக்காலம் முடிந்தபோது அடுத்தவர் தயாராக இல்லை. உறுப்பினர்களில் ஒருவர் பொறுப்புத் தலைவராக இருக்க, 2024 மார்ச்சில்தான் நீதிபதி ஏ.எம். கான்வில்கர் பொறுப்பேற்றார். எழுபது வயது நிறைந்தால் பதவி முடியும் என்பது சட்டத்தில் எழுதியிருக்கிறது, தலைவரின் பிறந்த தேதியும் நியமித்த நாளிலேயே தெரியும். முன்கூட்டியே தெரிந்த ஒரு நாளுக்கு ஆயத்தம் செய்யாமல் இருப்பது மறதியால் நேர்வதில்லை.

மாநிலங்களின் வரலாறு இதைவிடக் கடுமையானது. குஜராத்தில் நீதிபதி எஸ்.எம். சோனி 2003-இல் விலகியபின் பத்து ஆண்டுகள் லோக் ஆயுக்தா இல்லை. மாநில அரசு 2006-இல் ஒரு பெயரை அனுப்பியபோது கோப்பு ஆளுநர் மாளிகையில் ஆண்டுக்கணக்கில் கிடந்தது என்பதையும் சொல்லவேண்டும், பழி ஒரு பக்கம் மட்டும் இல்லை. 2011 ஆகஸ்டில் ஆளுநர் கமலா பெனிவால், உயர் நீதிமன்றத் தலைமை நீதிபதி பரிந்துரைத்தபடி நீதிபதி ஆர்.ஏ. மேத்தாவை நியமித்தார். நரேந்திர மோடி தலைமையிலான மாநில அரசு அதை எதிர்த்து உயர் நீதிமன்றத்துக்கும், அங்கே தோற்று உச்ச நீதிமன்றத்துக்கும் போனது. 2013 ஜனவரி 2 அன்று உச்ச நீதிமன்றம் நியமனம் செல்லும் என்றது. இத்தனைக்கும் பிறகு மேத்தா பதவியை ஏற்க மறுத்துவிட்டார். 2013 இறுதியில் வேறொருவர் நியமிக்கப்பட்டார். கர்நாடகத்தில் நடந்தது எதிர்த்திசையிலிருந்து அதே பாடத்தைத் தருகிறது. அங்கே லோக் ஆயுக்தாவுக்கு ஆள் இருந்தது, காவல் பிரிவும் இருந்தது. நீதிபதி சந்தோஷ் ஹெக்டே 2011 ஜூலை 27 அன்று தந்த சுரங்க ஊழல் அறிக்கை அரசுக்கு நேர்ந்த இழப்பை 16,000 கோடி ரூபாய்க்கு மேல் என்று மதிப்பிட்டது. நான்கு நாட்களில் முதல்வர் எடியூரப்பா பதவி விலகினார். ஹெக்டேவுக்கு அடுத்து வந்த நீதிபதி சிவராஜ் பாட்டீல் சில வாரங்களில் விலக, மாநில அரசு ஒரு பெயரில் பிடிவாதமாக நிற்க, ஆளுநர் அதை மறுக்க, 2013 பிப்ரவரி வரை ஒன்றரை ஆண்டுக்குச் சற்றுக் குறைவாக அந்த இடம் காலியாகக் கிடந்தது. 2016-இல் காங்கிரஸ் அரசு தனியாக ஓர் ஊழல் தடுப்புப் பிரிவை உண்டாக்கி, லோக் ஆயுக்தா காவல் பிரிவின் அதிகாரத்தை எடுத்துக்கொண்டது. அது செல்லாது என்று உயர் நீதிமன்றம் சொல்ல 2022 ஆகஸ்ட் ஆயிற்று. நம் தமிழ்நாட்டுக்கும் இதில் பெருமைப்பட ஏதுமில்லை. லோக்பால் சட்டத்தின் 63-ஆம் பிரிவு எல்லா மாநிலங்களும் ஓராண்டுக்குள் லோக் ஆயுக்தா அமைக்கவேண்டும் என்கிறது. அந்த ஓராண்டு 2015 ஜனவரியில் முடிந்தது. தமிழ்நாடு சட்டம் இயற்றியது, உச்ச நீதிமன்றம் கேள்வி கேட்ட பிறகு, 2018 ஜூலையில். முதல் தலைவர் வந்தது 2019-இல்.

தகவல் ஆணையர்களைத் தேர்ந்தெடுக்கும் குழுவிலும் எதிர்க்கட்சித் தலைவர் உண்டு, ஆனால் தகவல் அறியும் உரிமைச் சட்டம் அந்த முடிச்சை முன்கூட்டியே பார்த்து அவிழ்த்த சட்டம். அப்படியொருவர் அங்கீகரிக்கப்படாவிட்டால் எதிர்வரிசையில் உள்ள பெரிய கட்சியின் தலைவரே எதிர்க்கட்சித் தலைவராகக் கருதப்படுவார் என்று 2005-லேயே விளக்கம் எழுதிவிட்டார்கள். ஆகவே அந்தச் சாக்கு இங்கே செல்லாது. இருந்தும் 2014 ஆகஸ்டில் மத்தியத் தலைமைத் தகவல் ஆணையர் ஓய்வுபெற்றபோது வரலாற்றில் முதல்முறையாக ஆணையம் தலையில்லாமல் நின்றது. 2015 ஜூன் வரை அந்த நிலை நீடித்தது. தலைமை ஆணையரின் பட்டியலில் இருந்த மேல்முறையீடுகள் அத்தனை மாதமும் தேங்கின. அதன்பின் இது வழக்கமாகவே ஆகிவிட்டது. 2025 செப்டம்பரில் மீண்டும் தலைமை ஆணையர் இடம் காலியாகி, டிசம்பரில்தான் அதுவும் எட்டு ஆணையர் இடங்களும் சேர்ந்து நிரப்பப்பட்டன. ஜார்க்கண்ட் மாநில ஆணையம் 2020 மே முதல் ஒரே ஓர் ஆணையர்கூட இல்லாமல் ஆண்டுக்கணக்கில் மூடிக் கிடந்தது. தெலங்கானாவில் 2023 தொடக்கத்திலிருந்து இரண்டு ஆண்டுகளுக்கு மேல் அதே கதி. தகவல் உரிமைச் செயற்பாட்டாளர் அஞ்சலி பரத்வாஜ் தொடுத்த வழக்கில் 2019 பிப்ரவரி 15 அன்று உச்ச நீதிமன்றம், இடம் காலியாவதற்கு ஒன்றிரண்டு மாதங்கள் முன்பே தேர்வு வேலையைத் தொடங்கவேண்டும் என்று சொன்ன பிறகு நடந்தவை இவை. இந்தச் சட்டத்தின் உள்ளேயே உள்ள ஒரு கணக்கைப் பாருங்கள். 30 நாளுக்குள் பதில் தராத பொதுத் தகவல் அலுவலருக்கு நாளொன்றுக்கு 250 ரூபாய் வீதம் 25,000 ரூபாய் வரை தண்டம். அந்தத் தண்டத்தை விதிக்கவேண்டிய ஆணையத்தையே ஆளில்லாமல் வைக்கும் அரசுக்கு ஒரு காசு தண்டம் கிடையாது. ஆணையம் மேல்முறையீட்டை இத்தனை நாளுக்குள் முடிக்கவேண்டும் என்ற கெடுவும் கிடையாது. தாலுகா அலுவலக ஊழியரின் தாமதத்துக்கு விலை உண்டு, அமைச்சரவையின் தாமதத்துக்கு விலை இல்லை.

இனி சம்பளத்துக்கு வருவோம். சம்பளத்தைக் கையில் வைத்திருப்பவர் அமைப்பையும் கையில் வைத்திருப்பார் என்பதை அரசியலமைப்பை எழுதியவர்கள் நன்றாக அறிந்திருந்தார்கள். தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் சம்பளமும் அவர் அலுவலகத்தின் நிர்வாகச் செலவும் நாடாளுமன்ற வாக்கெடுப்புக்குக் காத்திராமல் தொகுப்பு நிதியிலிருந்து நேரடியாகப் போகும். பதவியேற்றபின் அவருக்குப் பாதகமாகச் சம்பளத்தை மாற்ற முடியாது. இது 148-ஆம் உறுப்பில் உள்ளது. 2013-இன் சட்டம் லோக்பாலின் செலவையும் அதே வழியில் வைத்தது, தலைவருக்கு இந்தியத் தலைமை நீதிபதிக்கு இணையான ஊதியத்தை நிர்ணயித்தது. தகவல் ஆணையர்களுக்கு 2005-இல் தேர்தல் ஆணையர்களுக்கு இணையான ஊதியமும் ஐந்தாண்டுப் பதவிக்காலமும் இருந்தன. 2019 ஜூலைத் திருத்தம் இரண்டையும் மத்திய அரசின் விதிகளுக்குள் கொண்டுபோனது. அந்த ஆண்டு அக்டோபரில் வந்த விதிகள் பதவிக்காலத்தை மூன்று ஆண்டுகளாக்கின. தேர்தல் ஆணையம் அரசியலமைப்பால் உண்டானது, தகவல் ஆணையம் சாதாரணச் சட்டத்தால் உண்டானது, இரண்டுக்கும் ஒரே ஊதியம் எப்படி என்று அரசு கேட்டது. கேள்வி நியாயமாகத் தோன்றும். ஆனால் இணை ஊதியம் தேவையில்லை என்றால் சட்டத்திலேயே வேறு தொகையை எழுதியிருக்கலாம். தொகையை எழுதாமல் அதை எழுதும் அதிகாரத்தை, ஆணையம் யாருக்கு எதிராக உத்தரவு போடுகிறதோ அவர்கள் கையில் கொடுத்ததுதான் பிழை. நுகர்வோர் ஆணையங்களில் இந்தப் பிழை முப்பது ஆண்டுகளுக்கு மேலாக நடந்து காட்டியிருக்கிறது. அவை அரசைக் கண்காணிப்பவை அல்ல, வணிகரைக் கண்காணிப்பவை. ஆனால் நியமனமும் ஊதியமும் மாநில அரசின் கையில். 1986-இன் சட்டம் மாவட்ட மன்ற உறுப்பினர்களின் சம்பளத்தையோ மதிப்பூதியத்தையோ மாநிலங்கள் தீர்மானிக்கட்டும் என்று விட்டது. மாநிலத்துக்கு மாநிலம் மலைக்கும் மடுவுக்குமான வேறுபாடு. உச்ச நீதிமன்றம் 2016-இல் ஒரே அளவான விதிகளைக் கேட்டது. 2021-இல் காலியிடங்கள் குறித்துத் தானாகவே வழக்கெடுத்து, இந்த மன்றங்கள் வேண்டாமென்றால் சட்டத்தையே நீக்கிவிடுங்கள் என்று சொல்லும் அளவுக்குப் போனது. ஊதியத்தை நாடு முழுவதும் ஒரே அளவாக்கும் உத்தரவு 2025-இல்தான் வந்தது. வழக்கறிஞர் தொழிலை விட்டுவிட்டு, எவ்வளவு கிடைக்கும் எப்போது கிடைக்கும் என்று தெரியாத பதவிக்குத் திறமையானவர் ஏன் வருவார்? சம்பளத் தாமதம், நியமனத் தாமதத்தின் இன்னொரு வடிவம்தான்.

ஆனாலும் சம்பளத்தைப் பாதுகாத்தால் போதும் என்று லோக்பாலின் கதை சொல்லவில்லை. அங்கே பணம் பத்திரமாக இருந்தது, ஆள்தான் இல்லை. கணக்குத் தணிக்கையாளர் பதவி மட்டும் ஏன் இப்படி ஆண்டுக்கணக்கில் காலியாக விடப்படவில்லை? அவரும் ஆட்சியாளர்களை வேதனைப்படுத்தியவர்தான், 2ஜி அறிக்கையை மறக்க முடியாது. ஆனால் அவர் கையெழுத்தில்லாமல் அரசின் ஆண்டுக் கணக்கு நிறைவு பெறாது, நாடாளுமன்றத்தின் முன் வைக்க அறிக்கை இருக்காது. அவர் இல்லாவிட்டால் நட்டம் அரசுக்கு. தகவல் ஆணையர் இல்லாவிட்டால் அரசுக்கு நட்டமில்லை, சொல்லப்போனால் நிம்மதி.

தகுதியானவர்களைத் தேட நேரம் பிடிக்கும், அவசரப்பட்டால் தகுதியற்றவர் வந்துவிடுவார் என்று மறுப்புச் சொல்வார்கள். தேட நேரம் வேண்டும்தான். அந்த நேரத்தை இடம் காலியாவதற்கு முன்னால் எடுத்துக்கொள்ளலாம் என்பதே 2019 தீர்ப்பின் சாரம். இதைவிட வலுவான மறுப்பு, இந்த அமைப்புகள் எப்படியும் பல்லில்லாதவை, ஓய்வுபெற்ற அதிகாரிகளுக்கும் நீதிபதிகளுக்கும் மறுவாழ்வு தரும் இடங்கள், அவற்றை நிரப்பி என்ன பயன் என்பது. இதில் உண்மையும் உண்டு, ஓய்வுபெற்ற அதிகாரிகளையே மீண்டும் மீண்டும் ஆணையர்களாக்குவதை அதே தீர்ப்பு குறை சொல்லியிருக்கிறது. ஆனால் புகார்ப் படிவம் ஓராண்டும், விசாரணைப் பிரிவு பல ஆண்டுகளும் இல்லாமல் வைக்கப்பட்ட ஓர் அமைப்பு எதையும் சாதிக்கவில்லை என்பதை அந்த அமைப்புக்கு எதிரான சாட்சியாகக் கொள்ள முடியாது. ஆளும் காவல் பிரிவும் இருந்த கர்நாடகத்தில் அது என்ன செய்தது என்பது பதிவாகியிருக்கிறது. நியமனம் அரசின் அதிகாரம், நீதிமன்றம் நாள் குறிப்பது எல்லை மீறல் என்பது இன்னொரு மறுப்பு. யாரை நியமிப்பது என்பது அரசின் அதிகாரம். நியமிப்பதா வேண்டாமா என்பதை நாடாளுமன்றம் ஏற்கெனவே முடிவு செய்துவிட்டது, அதைச் செயல்படுத்தாமல் இருக்கும் அதிகாரம் யாருக்கும் தரப்படவில்லை.

லோக்பால் சட்டத்தின் 63-ஆம் பிரிவின் கதை காட்டுவது போல, கெடு எழுதினால் மட்டும் போதாது. கெடு தவறினால் என்ன நடக்கும் என்பதையும் சட்டம் சொல்லவேண்டும். இதற்கு வெளிநாட்டுக்குப் போகவேண்டியதில்லை. குடியரசுத் தலைவரும் ஆளுநரும் பதவிக்காலம் முடிந்தாலும் அடுத்தவர் பொறுப்பேற்கும்வரை தொடர்வார்கள் என்று அரசியலமைப்பின் 56, 156 ஆகிய உறுப்புகள் சொல்கின்றன. அந்தப் பதவிகள் ஒருநாளும் காலியாகக்கூடாது என்று நினைத்தவர்கள் அதற்கான வாசகத்தையும் எழுதிவைத்தார்கள். தகவல் ஆணையருக்கும் லோக்பாலுக்கும் அதே வாசகத்தை எழுதலாம். அப்படிச் செய்தால் தனக்கு இணக்கமானவரை அரசு காலவரையின்றி நீட்டித்து வைத்துக்கொள்ளும் என்ற அச்சம் நியாயமானது. அதற்கு ஆறு மாத வரம்பு வைக்கலாம். அதற்குள்ளும் தேர்வுக் குழு கூடவில்லை என்றால், தேடல் குழுவின் பட்டியலில் முதலில் இருப்பவரை நியமிக்கும் பொறுப்பு உயர் நீதிமன்றத் தலைமை நீதிபதிக்கோ உச்ச நீதிமன்றத் தலைமை நீதிபதிக்கோ போகும் என்று எழுதலாம். தன் விருப்பத் தேர்வை இழக்க நேரும் என்று தெரிந்தால் எந்த அரசும் ஐந்தாவது மாதத்திலேயே கூட்டத்தைக் கூட்டிவிடும். 2014 நவம்பரில் சிபிஐக்காகச் சட்டத்தைத் திருத்தியபோது நாடாளுமன்றத்துக்கு எவ்வளவு நேரம் பிடித்ததோ, இதற்கும் அவ்வளவுதான் பிடிக்கும்.